மகளின் இலை நோட்டைப் பழுதுபார்த்த பதிவு

முதலில் நோட்டின் நிலை. கோடு போடாத ஓவிய நோட்டு. நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின்கள். இரண்டும் துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளைப் பழுப்பாக்கியிருந்தன. பக்கத்துக்கு ஓர் இலை, அதன் மேல் குறுக்கே செல்லோ டேப். கீழே ஸ்கெட்ச் பேனாவில் இலைக்கு அவளே வைத்த பெயர், எடுத்த இடம். டேப்பின் பசை ஓரங்களில் கசிந்து எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டதால் பாதி நோட்டு திறக்கவே இல்லை. திறந்த பக்கங்களின் மடிப்பில் மாவு மாதிரி பழுப்புத் தூள். உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம்.

என் மகள் எட்டு வயதில் தொடங்கிய நோட்டு இது. தாவரவியல் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் கூடவே வரும். அவளைப் பத்து வயதில் இழந்தோம். எப்படி என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. இதேபோல ஒரு நோட்டோ, இலை வைத்த புத்தகமோ வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக வேலையை மட்டும் எழுதுகிறேன். வேலையோடு ஒட்டி வந்த மற்றவை தானாக வந்தவை.

செய்யக்கூடாதவை

நோட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "லேமினேட் பண்ணிடுங்க, காலத்துக்கும் இருக்கும்." வேண்டாம். லேமினேஷனில் சூடான பிளாஸ்டிக்கும் பசையும் இலையின் நரம்பிலும் தாளின் நாரிலும் இறங்கிவிடும். பிறகு எந்த நிபுணர் வந்தாலும் பிரிக்க முடியாது. உள்ளே ஈரம் இருந்தால் அதுவும் சேர்ந்து அடைபட்டுப் போகும்.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்பது அடுத்த யோசனை. சுவரில் வெளிச்சம் படும். ஸ்கெட்ச் பேனா மைக்கு வெளிச்சம் ஆகாது. இலையைவிட முதலில் எழுத்து போய்விடும். எனக்கு எழுத்துதான் முக்கியம்.

பாச்சை உருண்டை போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. அதன் ஆவியைப் பக்கம் புரட்டுகிறவர்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் இடம் ஹெர்பேரியம். பழைய காலத்து ஹெர்பேரியங்களில் இலைகள் மேல் பாதரசக் குளோரைடு பூசுவார்கள். பூச்சி அண்டவில்லை. ஆனால் நூறு, இருநூறு ஆண்டு கழித்தும் அந்தத் தாள்களை இன்று கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள்.

ஆகவே ஒரே விதி வைத்துக்கொண்டேன். பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால், நான் செய்தது பிரிய வேண்டும். அவள் செய்தது அப்படியே நிற்க வேண்டும்.

பூச்சி

எதையும் தொடுவதற்கு முன் திறக்கிற பக்கங்களை எல்லாம் படம் எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, ஓரத்தில் அளவுகோல். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பேனா அழுத்திய தடம் தெரியும். ஓரிடத்தில் மை மங்கிப் போயிருந்தும் அந்தத் தடத்தை வைத்தே வாசிக்க முடிந்தது.

தூள் போட்டது சிகரெட் வண்டு. கடுகைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு வண்டு. புகையிலை, மசாலா, காய்ந்த இலை எல்லாம் அதற்குச் சாப்பாடு. உலர்ந்த தாவரங்களை வைத்திருக்கும் இடங்களுக்கு இது பெரிய எதிரி. தாளை மட்டும் மேலாகச் சுரண்டியிருந்தால் இராமபாணப் பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே இலையில் வட்ட ஓட்டைகள்.

மருந்து வேண்டாம், குளிர் போதும். நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப்பால் மூடி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். பெரிய ஹெர்பேரியங்களில் −30 டிகிரிக்கும் கீழே போகிற பெட்டி இருக்கும். அங்கே சில நாட்களில் முடிந்துவிடும். வெளியே எடுத்த பிறகுதான் கவனம் தேவை. பை முழுவதும் அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு நாளாவது, திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படியும், மை ஓடும். மூடியே இருந்தால் நீர்த்துளிகள் பைக்கு வெளியேதான் நிற்கும்.

ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் மகளின் நோட்டு இருப்பதை என் மனைவியால் தாங்க முடியவில்லை. டப்பாவை வெளியே எடுத்துவிட்டோம்.

டேப்

அதிகப் பொறுமை கேட்டது இதுதான். பழைய செல்லோ டேப்பின் ரப்பர் பசை காற்றுப்பட்டு முதலில் இளகிக் கசியும், தாளுக்குள் எண்ணெய்க் கறை மாதிரி இறங்கும். இன்னும் சில ஆண்டுகளில் இறுகி, மேல் பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிடும். கறை மட்டும் மிஞ்சும். எங்கள் நோட்டு கசிகிற கட்டத்தில் இருந்தது. ஒரு விதத்தில் அது நல்லது, இளகியிருந்தால்தான் எடுக்க வரும்.

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, டேப்பின் ஒரு மூலை இளகியதும் மெல்லிய உலோகத் தகட்டைத் தாளுக்கு இணையாகச் செருக வேண்டும். மேல்நோக்கி இழுக்கக்கூடாது; டேப்பை அதன் மேலேயே மடித்துப் பின்பக்கமாக உருட்டிக்கொண்டு வர வேண்டும். தாளில் மிஞ்சும் பிசுக்கைக் க்ரேப் ரப்பர் என்று கிடைக்கும் ரப்பர் கட்டியால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். அசிட்டோன், தின்னர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பசையோடு மையும் கரைந்து போகும்.

தாளின் மேல் இருந்த டேப் இப்படி வந்தது. இலையின் மேல் இருந்த டேப்பை நான் தொடவில்லை. காய்ந்த இலையின் மேல்தோல் டேப்போடு உரிந்து வந்துவிடும். இலையின் ஓரத்தை ஒட்டிக் கூர்மையான கத்தியால் டேப்பை வெட்டி, இலையின் மேல் இருக்கிற துண்டை அப்படியே விட்டேன். அதில் சிலவற்றில் அவளுடைய விரல்ரேகை இருக்கிறது. சுத்தம் செய்கிறவர்கள் அழுக்கு என்றுதான் சொல்வார்கள்.

கட்டிப்போட்டால் குட்டிபோடும் செடியின் பக்கம் தனிக்கதை. ரணகள்ளி என்று சொல்வோமே, அது. அந்தச் சதைப்பற்றான இலை நோட்டுக்குள்ளேயே ஓரங்களில் முளைவிட்டு, வெளிச்சமில்லாமல் வெளுத்த குட்டிகளைப் போட்டு, பிறகுதான் காய்ந்திருக்கிறது. தாள் முழுக்க ஈரக்கறை, பூசணப் புள்ளி. பூசணத்தை உலர்ந்த மென்மையான தூரிகையால், திறந்த ஜன்னல் பக்கத்தில், முகக்கவசம் போட்டுத் தட்டிவிட்டேன். குட்டிகளை எடுக்கவில்லை. பக்கத்தின் கீழே "வளருது!!" என்று பிறகு வேறு நிற மையில் எழுதியிருக்கிறாள். இலை முளைத்ததை அவள் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒட்டுவதும் தைப்பதும்

டேப்புக்குப் பதில் மல்பெரி நாரில் செய்த ஜப்பானியத் தாள் கீற்றுகள். கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் ஒரு கோடு போட்டு அந்தக் கோட்டில் பிய்க்க வேண்டும். அப்போது ஓரத்தில் நார் விரிந்து நிற்கும்; ஒட்டினால் மேடு தெரியாது. பசைக்கு மெத்தில் செல்லுலோஸ். தூளைக் குளிர்ந்த நீரில் தூவி இரவு முழுக்க ஊறவிட்டால் போதும், காய்ச்ச வேண்டாம். மைதாப் பசை காய்ச்சினால் வலுவாகத்தான் பிடிக்கும், ஆனால் பூச்சிக்கு அதுவே விருந்து.

ஸ்கெட்ச் பேனா நீரில் கரையும் என்பதை மறக்கக்கூடாது. ஒரு முற்றுப்புள்ளியின் மேல் ஈரப் பஞ்சை லேசாக ஒற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால் பசையைத் தாளில் பூசாமல் கீற்றில் பூசி, அதன் மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருந்து, இலைக்காம்பின் மேலும் நடுநரம்பின் மேலும் மட்டும் வைத்து அழுத்தினேன். எழுத்துக்கு ஒரு விரல் தூரத்துக்குள் கீற்று வரவில்லை. மேலே ஒற்றுத்தாள், அதன் மேல் கனமான புத்தகம்.

நோட்டைப் பிரித்துத் தனித்தாளாக வைப்பதா, நோட்டாகவே வைப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். 1751ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், ஒரு தாளில் ஒரு செடி, கட்டக்கூடாது என்று எழுதிவிட்டார். அப்போதுதான் புதிது வந்தால் இடையில் செருகலாம், வரிசையை மாற்றலாம். ஹெர்பேரியங்கள் இன்றும் அப்படித்தான். ஆனால் அதற்கு முந்தைய தொகுப்புகள் பெரும்பாலும் கட்டிய புத்தகங்கள். லின்னேயஸ் காலத்து ஆங்கிலேய மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் தொகுப்பு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 265 கட்டுத் தொகுதிகளாகவே இருக்கிறது. வரிசையும் அதில் ஒரு தகவல் என்பதால் யாரும் பிரிப்பதில்லை. மகளின் நோட்டிலும் இனி புதிய தாள் வரப்போவதில்லை. எந்த இலைக்கு அடுத்து எந்த இலை என்பது அவள் நடந்த பாதை. நோட்டாகவே வைத்தேன்.

துருப்பிடித்த பின்களை உள்பக்கமிருந்து நெம்பி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் லினன் நூலால் தைத்தேன். இலைகளின் கனத்தால் நோட்டு வாய் பிளந்து நின்றது. முதுகுப் பக்கத்தில் மடித்த தாள் கீற்றுகளை இடையிடையே வைத்துத் தைத்ததும் இரண்டு பக்கமும் ஒரே தடிமனாகிப் படுத்துக்கொண்டது.

பூங்காவுக்குப் போனது

இதுவரை வீட்டு வேலை. இலைகளின் உண்மைப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தபோது வீட்டில் உட்கார்ந்து முடியவில்லை. காரணம் அவளுடைய நேர்மை. "கீழ விழுந்ததை மட்டும் எடுத்துக்கோ பாப்பா" என்று பூங்காவின் தோட்டக்காரர் ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அவள் ஓர் இலையைக்கூடப் பறித்ததில்லை. உதிர்ந்த ஒற்றை இலையில் பூ இல்லை, காய் இல்லை, கிளையில் எதிரெதிரா மாறிமாறியா என்பதும் தெரியாது. தாவரவியலாளர் முதலில் கேட்பது அந்த மூன்றும்தான். மரத்தடிக்குப் போய் நின்றால் மட்டுமே விடை உண்டு.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. வாரநாள் காலையில் போங்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வருகிற பருவமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் "ரெண்டு" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை வரிசையில் நிற்கும்போதே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

நோட்டைக் கொண்டுபோகவில்லை, படங்களின் அச்சுப்பிரதிதான். இடக்குறிப்புகள் அவள் பாணி: "குளத்துக்கு இந்தப் பக்கம்", "தண்ணி வராத குழாய்", "அப்பா தூங்கின மரம்". ஹெர்பேரியம் சீட்டில் சேகரித்த இடத்தைச் சேகரித்தவரின் வார்த்தையிலேயே விடுவது வழக்கம் என்பது எனக்கு இதில் பெரிய வசதி. ஆனால் அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது? நாங்கள் எந்த வாசலில் நுழைவோமோ அதை வைத்துத்தான் அவளுக்கு இந்தப் பக்கம். ஆகவே அதே வாசல், அதே பாதை, நோட்டின் வரிசைப்படியே நடந்தோம்.

சில சட்டென்று விழுந்தன. "பட்டாம்பூச்சி இலை" மந்தாரை. நடுவில் பிளந்த இரண்டு மடல். "பை இலை" கிருஷ்ண ஆல். இலையின் அடிப்பகுதி மடிந்து கிண்ணம் போலாகிவிடும். "உப்புத்தாள்" பராய். அதன் இலையால் மரத்தையே தேய்த்து மெருகேற்றுவார்கள், ஆகவே பெயர் சரிதான். "பொய் வாழை" என்று ஒரு கிழிந்த துண்டு; மரப்பலகையில் விசிறி வாழை, ராவெனலா மடகாஸ்கரியென்சிஸ் என்று இருந்தது. பார்த்தால் வாழை, ஆனால் வாழைக் குடும்பம் இல்லை. சொர்க்கப்பறவைப் பூச்செடியின் குடும்பம். எட்டு வயதில் எதைப் பார்த்து அது பொய் என்று கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. இலைகள் எல்லாம் ஒரே தளத்தில் விசிறியாக நிற்பதைப் பார்த்திருக்கலாம்.

அப்பா தூங்கின மரம் எனக்கு நினைவில்லை. எங்கெங்கோ தூங்கியிருக்கிறேன். மனைவிதான் சொன்னாள்: "கண்ணாடி வீட்டுக்குப் பின்னாடிங்க. அவ உங்க மூக்குல இலையை வச்சுக் கிச்சுகிச்சு மூட்டினா, நீங்க எழுந்திரிக்கவே இல்ல." மரம் இருந்தது. பெயர்ப்பலகை மட்டும் இல்லை.

பூங்காவின் ஹெர்பேரியத்தில் இருந்த ஆய்வாளர் அம்மையார் அந்த மரத்தடிக்கே வந்தார். இலைக்காம்பை ஒடித்தார், பால் வரவில்லை, ஆகவே அத்தி வகை இல்லை. கசக்கி முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கியால் பார்க்கச் சொன்னார்: இலை முழுக்க ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள், அவை எண்ணெய்ச் சுரப்பிகள். ஓரத்தை ஒட்டியே ஓடும் ஒரு நரம்பு. கிளையில் இலைகள் எதிரெதிர். "நாவல் குடும்பம் சார். சிசீஜியமா இருக்கும். அதுல 1,000க்கு மேல இனம் இருக்கு. பூ பார்க்காம சொல்ல மாட்டேன்."

பிறகு அலுவலகத்தில் அடையாளம் கேட்டு வருபவற்றை எழுதும் பதிவேட்டைத் திறந்தார்.

"சேகரிச்சது யாரு சார்?"

"என் மக."

"ஓ, என்ன படிக்கிறாங்க?"

"இறந்துட்டா. பத்து வயசு."

அவர் பேனாவை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முழுப்பேரு சொல்லுங்க" என்றார். சொன்னேன். இனிஷியலோடு எழுதினார். சேகரித்தவர் என்ற கட்டத்தில் வயதுக்கு இடமில்லை.

சீட்டு

பெயர் கிடைத்த பிறகு அதை எங்கே எழுதுவது என்ற கேள்வி. இதற்கு ஹெர்பேரியத்தில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பழைய பெயர் தவறென்று தெரிந்தாலும் அடிக்க மாட்டார்கள், அழிக்க மாட்டார்கள். புதிய பெயர், தீர்மானித்தவர், ஆண்டு மூன்றையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுவார்கள். நூறாண்டுப் பழைய தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்தாறு சீட்டுகள்கூட இருக்கும். அதையேதான் செய்தேன். அவள் "பொய் வாழை" என்று எழுதியது மேலே. கீழே அமிலமற்ற தாளில் என் சீட்டு, பென்சிலில். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மங்கும்.

ஒரு பக்கத்தில் இலையே இல்லை. வண்டு முழுவதும் தின்றுவிட்டது. காம்பும் நரம்புத் துணுக்குகளும் மட்டும் மிச்சம். "வேகமா விழுந்தது" என்ற பெயர் இருக்கிறது. மரத்தைக் கண்டுபிடித்தோம், மகோகனி. ஆய்வாளரே அதன் கீழிருந்து ஒரு நல்ல இலையை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், ஆனால் நோட்டில் ஒட்டவில்லை. அது வேறு நாள், வேறு இலை, எடுத்தது வேறு கை. துணுக்குகளை மடித்த காகித உறையில் போட்டு அந்தப் பக்கத்திலேயே இணைத்தேன். உதிர்ந்தவற்றுக்கு ஹெர்பேரியத் தாளிலும் இப்படி ஓர் உறை வைப்பார்கள். புதிய இலை தனித்தாளில் இருக்கிறது. சேகரித்தவர் இடத்தில் ஆய்வாளர் பெயர்.

இப்போது பக்கங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் மாதிரியான கிளாசின் தாள், வெளியே அமிலமற்ற அட்டைப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை நோட்டு மறுபடி ஃப்ரீசருக்குப் போகும்.

பாக்கி இருப்பது அப்பா தூங்கின மரம். மொட்டு வந்ததும் கூப்பிடுகிறேன் என்று தோட்டக்காரர் என் எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். பூவை எப்படிப் படம் எடுப்பது என்று ஆய்வாளரிடம் கேட்டு வந்தேன்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று, எல்லாவற்றிலும் அளவுகோல். அதுவரை அந்தப் பக்கத்துச் சீட்டில் சிசீஜியம் என்ற பேரினப் பெயர் மட்டும் இருக்கிறது. இனத்தின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.